ஆண்டறிக்கை: படகுக்கு நாங்கள் சொன்ன விலை

மதிப்பிற்குரிய தலைவருக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நமது பினாங்குப் பாய்மரப் படகுச் சங்கத்தின் செயலவை ஏழு முறை கூடியது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை செல்லும் வழியில் மோர்ப்பந்தல் போட்டோம். பள்ளி விடுமுறையில் சிறுவர்களுக்குப் படகோட்டும் வகுப்பு நடத்தினோம். இவற்றின் செலவு பொருளாளர் அறிக்கையில் உள்ளது. ஏழு கூட்டங்களில் நான்கை ஒரு படகே விழுங்கிவிட்டதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லங்காவியில் ஒருவர் தமது ஃபார்முலா 18 வகைக் கட்டமரானை, அதாவது இரட்டை உடல் கொண்ட பந்தயப் பாய்மரப் படகை, விற்கப்போவதாகத் தகவல் வந்தது. கேட்ட விலை 36,000 ரிங்கிட். கணக்கேட்டில் ‘கட்டுமரம் பார்க்கச் சென்ற செலவு’ என்று நான் எழுதிவைத்ததைப் பார்த்த கணக்காய்வாளர், நான்கு கட்டைகளைப் பார்க்க மூன்று பேர் எதற்கு என்று கேட்டார். குற்றம் என்னுடையதுதான்.

“கேட்டதில் பாதியைச் சொல்வோம்” என்றார் தலைவர். சந்தையில் மீன் வாங்கும் வழி அது, நான் ஒப்பவில்லை. இதே வகையில், ஏறக்குறைய இதே வயதில், நல்ல நிலையில் இருந்த படகுகளை அண்மையில் வாங்கியவர்களிடம் விசாரித்தேன். கேட்ட விலையை விட்டுவிட்டுக் கைமாறிய விலையை மட்டும் குறித்துக்கொண்டேன். சுமார் 30,000 என்று தேறியது.

பிறகு குவாலா கெடாவிலிருந்து ஃபெரி பிடித்துப் போய்ப் படகை நேரில் பார்த்தோம். விதிப்படி இந்த வகைப் படகின் எடை 180 கிலோவுக்குக் குறையக் கூடாது. இதுவோ தராசில் 194 காட்டியது. இதன் உடல், இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே நுரைப்பொருள் வைத்துச் செய்தது. தோல் பிரிந்தால் நீர் உள்ளே இறங்கி எடையைக் கூட்டும். ஐம்பது காசு நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டியபோது, இடப்பக்க உடலில், இரு உடல்களையும் இணைக்கும் முன் குறுக்குச்சட்டத்தருகே உள்ளங்கை அகலத்துக்கு மந்தமான ஓசை கேட்டது. அங்கே தோல் பிரிந்திருக்கிறது என்று பொருள். பெரிய பாய் துவண்டுவிட்டிருந்தது. இருந்த காற்றிலும் வடிவம் பிடிக்கவில்லை. ஓட்டுபவர் இடுப்புவாரை மாட்டிப் படகுக்கு வெளியே சாய்ந்து நிற்க உதவும் ட்ரபீஸ் கம்பிகளில் இழைகள் அறுந்திருந்தன. வண்ணம் மட்டும் புத்தம் புதிது. அதைக் கண்டதும் என் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

புதிய பாய் 9,000, உடல் பழுது 2,500, கம்பியும் கயிறும் 1,400, லோரியும் வாகன ஃபெரியும் 1,600. மொத்தம் 14,500. 30,000இல் இதைக் கழித்து நாங்கள் சொன்ன விலை 15,500. தலைவரின் பாதி விலைக் கணக்குப்படி போயிருந்தால் 18,000 கொடுத்திருப்போம். பேரம் பேசிவிட்ட திருப்தியில் 2,500 ரிங்கிட் கூடுதலாக! தலைவர் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

விலையோடு, எதற்கு எவ்வளவு கழித்தோம் என்ற பட்டியலையும் இணைத்து அனுப்பினோம். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால், படகைப் பினாங்குக்குக் கொண்டுவருகையில் சுங்கவரி ஏதும் வந்தால் அது விற்பவர் பொறுப்பு என்றும் எழுதினோம். இரண்டு வாரம் பதில் இல்லை. ‘அவமானப்படுத்திவிட்டோமோ’ என்று சிலர் வருந்தினர். பிறகு அவரே அழைத்தார். பட்டியலில் எதையும் மறுக்கவில்லை. 17,500 கேட்டு, பயிற்சிக்கு உதவும் மற்றொரு பெரிய பாயையும் தருவதாகச் சொன்னார். அந்தப் பாய் இருந்தால் புதியதை ஓராண்டு தள்ளிப்போடலாம். 16,500க்கு முடித்தோம்.

படகு இப்போது தஞ்சோங் பூங்கா கடற்கரையில் நிற்கிறது. ஆனால் பழுது பார்ப்பவர் தோலை வெட்டித் திறந்தபோது ஈரம் நான் கணித்ததைப் போல இரு மடங்கு பரவியிருந்தது. செலவு 3,800 ஆனது. தட்டிப் பார்த்தவன் நான். எனவே கூடுதல் 1,300 ரிங்கிட்டுக்கு இக்கூட்டத்தின் ஒப்புதலை நானே கோருகிறேன்.

சங்கத்தின் ட்ரபீஸ் இடுப்புவார்கள் இரண்டைக் காணவில்லை. எடுத்துச் சென்றவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து தரவும்.

செயலாளர்