மணப்பாட்டுக் கடலில் இரவெல்லாம் நின்றவர்களுக்கு

திருச்செந்தூர்க் கடலோரத்து மணப்பாடு, குலசேகரன்பட்டினம், கல்லாமொழி, ஆலந்தலை ஊர்களின் பெரியோருக்கும், அண்ணாச்சிமாருக்கும், அக்காமாருக்கும், அன்று வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த இளைஞர்களுக்கும் வணக்கம்.

2016 ஜனவரி 11, திங்கட்கிழமை. அமாவாசையை ஒட்டிய நாள். பொங்கலுக்குச் சில நாள்களே இருந்தன. அன்று மாலை தொடங்கி மறுநாள்வரை நம் கரையில் ஒதுங்கிய திமிங்கிலங்கள் 81 என்று கணக்கு எடுக்கப்பட்டது. அவற்றில் 45 இறந்தன, 36 கடலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. இறந்து கிடந்தவற்றின் படங்கள் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தன. அந்த 36 எப்படிக் கடலுக்குத் திரும்பின என்பதை விரிவாக எழுதியவர்கள் குறைவு. பத்து ஆண்டுகள் கழித்தாவது அதைச் சொல்லி நன்றி கூற வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

இந்தக் கரையில் பிறந்தவள் நான். இங்கேயே ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பாலூட்டிகள் பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டீச்சர், தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தது ஏன் தரைக்கு வந்து சாகிறது?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புகுந்தால், நீங்கள் அன்று செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் கூடவே வந்துவிடும்.

முதலில், வந்தவை யார் என்று சொல்லிவிடுகிறேன். குறுந்துடுப்பு வழிகாட்டித் திமிங்கிலங்கள் அவை. திமிங்கிலம் என்று பெயர் இருந்தாலும் ஓங்கில் (டால்பின்) குடும்பத்தைச் சேர்ந்தவை. உடம்பு முழுக்கக் கறுப்பு, உருண்டு திரண்ட நெற்றி. வளர்ந்த ஒன்று ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும், பெரிய ஆண்கள் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கனக்கும். கணவாய்தான் விருப்பமான இரை. அதைத் தேடிப் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு மூழ்கும். கரையோரக் கடல் அவற்றுக்குப் பழக்கமில்லாத இடம்.

கூட்டமாக வாழும் உயிர் அது. தாய், மகள், பேத்தி என்று தாய்வழியாகவே குடும்பம் நிற்கிறது. மகன்களும் வளர்ந்த பிறகு தாயின் கூட்டத்தை விட்டு எளிதில் பிரிவதில்லை. பேறு நின்றுபோன பிறகும் முதிய பெண்கள் பல ஆண்டுகள் உயிரோடு இருந்து கூட்டத்தோடு நீந்துகின்றன. பாலூட்டிகளிலேயே இப்படி வாழ்பவை மிகச் சில. ஒன்று கூப்பிட்டால் மற்றவை வரும். ஒன்று நோயால் தளர்ந்து கரைப் பக்கம் ஒதுங்கினாலும் நலமாக உள்ளவை அதை விட்டுவிட்டுப் போவதில்லை. கூட்டம் கூட்டமாகக் கரை ஒதுங்குவதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணங்களில் முதன்மையானது இந்தப் பிணைப்புதான்.

அன்று இரவு உங்களில் பலர் கண்ணீர் விட்டது எதற்காக என்பதும் இதற்குள் இருக்கிறது. படகில் கட்டி ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்ட திமிங்கிலம், நீங்கள் கரைக்கு வந்து சேர்வதற்குள் மறுபடி கரையில் வந்து கிடந்தது. "விட்டுவிட்டு வந்தால் பின்னாலேயே வருகிறது, சாகத்தான் வருகிறதா?" என்று ஒரு அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டதை நான் கேட்டேன். சாக வரவில்லை, அண்ணாச்சி. கரையில் கிடந்த சொந்தங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. அந்தக் குரல் தண்ணீருக்குள் வெகுதூரம் கேட்கும்.

இன்னொரு காரணம் நம் கரையின் அமைப்பு. திமிங்கிலம் கிளிக் கிளிக் என்று ஒலி எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்தே எதிரில் என்ன இருக்கிறது என்று அறிகிறது. செங்குத்தான பாறை இருந்தால் ஒலி தெளிவாகத் திரும்பும். மெல்ல மெல்லச் சரிந்து ஏறும் மணல் தரையில் அது சிதறிப்போகிறது. கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வரும், செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரிக் காட்டில் நின்று கூப்பிட்டால் வராது என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். முன்னால் கடல் திறந்து கிடக்கிறது என்று நம்பி வரும் உயிர், வயிறு மணலில் தட்டிய பிறகுதான் தரையை அறிகிறது. மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணல்மேடு கடலுக்குள் நீட்டிக்கொண்டு இருக்கிறது. உலகில் திமிங்கிலங்கள் திரும்பத் திரும்பக் கரை ஒதுங்கும் இடங்கள் பலவற்றில் இப்படி நீட்டிய மணல்முனையும் ஆழமில்லாத விரிகுடாவும் இருக்கின்றன. நியூசிலாந்தின் ஃபேர்வெல் ஸ்பிட் அதற்குப் பேர்போனது. 2017 பிப்ரவரியில் அங்கே 400க்கும் மேற்பட்டவை ஒதுங்கின.

நம் கரைக்கும் இது புதிதல்ல. 1973 ஜனவரியில், அதுவும் பொங்கல் நேரத்தில், இதே பகுதியில் 147 வழிகாட்டித் திமிங்கிலங்கள் ஒதுங்கின. வயதானவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். அதைக் கணக்கெடுத்து, அளந்து, ஆராய்ச்சி இதழில் பதிவு செய்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளுக்கு இந்த மடலில் ஒரு நன்றி உண்டு. அவர்கள் அன்று எழுதி வைக்கவில்லை என்றால், 43 ஆண்டுகள் கழித்து அதே மாதத்தில் அதே கரையில் அதே இனம் வந்தது என்பதை உறுதியாகச் சொல்ல நமக்கு ஆதாரம் இருந்திருக்காது.

சுனாமி வருமோ என்ற பயம் அன்று பலருக்கு இருந்தது. 2004ஐப் பார்த்த கரைக்கு அந்தப் பயம் இயல்பு. மணிப்பூரில் ஒரு வாரம் முன்பு நிலநடுக்கம் வந்திருந்ததால் பேச்சு இன்னும் வலுத்தது. சுனாமி வரவில்லை. அந்தப் பயத்தையும் வைத்துக்கொண்டுதான் இருட்டில், இடுப்பளவு நீரில் நின்றீர்கள் என்பதை நான் மறக்கவில்லை.

மனிதர் எழுப்பும் ஒலியாலும் இது நேர்வதுண்டு. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் திமிங்கிலங்கள் ஒதுங்கியதற்கு, அப்போது அங்கே அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் இயக்கிய சோனார் கருவியே (நீருக்குள் ஒலி அனுப்பித் தேடும் கருவி) பெரும்பாலும் காரணம் என்று அந்தக் கடற்படையும் சேர்ந்து நடத்திய விசாரணையே சொன்னது. நோய், ஒட்டுண்ணி, இரையைத் துரத்திக்கொண்டு ஆழமற்ற நீருக்கு வந்துவிடுவது எனக் காரணங்கள் இன்னும் உண்டு. நம் கரையில் இது நடந்த அதே 2016 ஜனவரியில் வட கடலின் கரைகளில், ஜெர்மனி, நெதர்லாந்து, இங்கிலாந்து நாடுகளில், எண்ணெய்த் திமிங்கிலங்கள் அடுத்தடுத்து ஒதுங்கின. பிப்ரவரிக்குள் அங்கே சுமார் 30 இறந்தன. அத்தனை வசதியும் ஆய்வுக்கூடங்களும் உள்ள நாடுகளே திகைத்து நின்ற மாதம் அது. அந்த மாதத்தில் நம்மிடம் இருந்தது ஃபைபர் படகும் கயிறும் குடமும் பழைய சேலையும்தான்.

கரையில் கிடக்கும் திமிங்கிலத்தைக் கொல்வது தண்ணீர் இல்லாமை அன்று. அது நம்மைப்போல நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது. கடலில் தண்ணீர் தாங்கிய எடையை மணலில் அதன் நெஞ்சே தாங்க வேண்டியிருக்கிறது. மூச்சு இழுக்க இழுக்கச் சோர்கிறது. தோலுக்கு அடியில் உள்ள தடித்த கொழுப்பு, குளிர்ந்த ஆழ்கடலில் சூட்டைக் காக்கும். அதே கொழுப்பு வெயிலில் உள்ளேயிருக்கும் சூட்டை வெளியே விடாது. தோல் காய்ந்து கொப்புளிக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் தலைமேல் உள்ள மூச்சுத்துளைக்குள் அலை புகுந்து, முழங்கால் நீரிலேயே மூழ்கி இறந்துவிடும்.

இவை எல்லாம் புத்தகத்தில் படித்து எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தராமலே நீங்கள் செய்ததை அன்று நேரில் பார்த்தேன். ஆலந்தலைப் பக்கம் சாய்ந்து கிடந்த ஒன்றின் தலைக்கு ஒரு அண்ணாச்சி தோளை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அலை வருவது தெரிந்ததும் உந்தி நிமிர்த்துவார். அலை போனதும் மூச்சுத்துளை திறந்து, 'புஸ்' என்று ஒரு மூச்சு வெளியேறி அவர் முகத்தில் சாரலாகத் தெறிக்கும். உடனே துளை மூடிக்கொள்ளும். அடுத்த அலைக்கு அவர் மறுபடி தயாராவார். பக்கத்தில் ஒரு ஆச்சி, நனைத்த சேலையை அதன் முதுகில் விரித்து, குடத்தால் கடல்நீரை மொண்டு மொண்டு ஊற்றினார். தலைப் பக்கம் வரும்போது மட்டும் இடது உள்ளங்கையால் துளையை மறைத்துக்கொண்டு ஊற்றினார். இதை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும்போது மூக்கை மறைக்க மாட்டோமா?" என்றார்.

அந்த அண்ணாச்சிக்கும் அந்த ஆச்சிக்கும் நன்றி.

படகு உரிமையாளர்களுக்கும் படகோட்டிகளுக்கும் நன்றி. தொழிலுக்குப் போகாமல், ஒவ்வொன்றாகக் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போனீர்கள். திரும்பி வந்ததை மறுபடி கொண்டு போனீர்கள். நான் அறிந்தவரை ஒருவரும் டீசல் காசு கேட்கவில்லை. வாலில் கயிறு கட்டியதைப் பின்னர் சிலர் எங்கோ உட்கார்ந்துகொண்டு குறை சொன்னார்கள். வாலைப் பிடித்து இழுத்தால் முதுகெலும்புக்குக் கேடு, பின்னோக்கி இழுத்தால் மூச்சுத்துளையில் நீர் புகும் என்பது உண்மைதான். அகலமான துணியையோ தார்ப்பாயையோ உடம்புக்கு அடியில் கொடுத்துத் தூக்குவதே முறை. ஆனால் அந்த முறையை அதுவரை யாரும் நம் ஊருக்கு வந்து சொல்லிக் கொடுத்ததில்லை, கருவி எதுவும் கொடுத்ததும் இல்லை. சொல்லித் தராதவர்கள் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மறுபுறம், செய்தவர்கள் யாரும் தாங்கள் செய்தது தவறோ என்று வருந்திக்கொண்டிருக்கக் கூடாது. நீங்கள் கட்டிய கயிறு இல்லாவிட்டால் 36 என்ற எண்ணே இல்லை.

வனத்துறை, மீன்வளத்துறை ஊழியர்களுக்கும், உடற்கூறாய்வு செய்த கால்நடை மருத்துவர்களுக்கும் நன்றி. நாற்றத்துக்கு நடுவே நின்று மாதிரிகள் எடுத்தவர்கள் அவர்கள். இறந்தவற்றைப் புதைக்கக் குழி வெட்டிய ஜேசிபி ஓட்டுநர்களை யாரும் நினைப்பதில்லை. ஒரு டன் உடம்பைச் சிதைக்காமல் எடுத்துக் குழியில் வைப்பது சாதாரண வேலை அன்று. அதில் ஒருவர், குட்டி ஒன்றை வைக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கையாலேயே மண் தள்ளினார்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்திய காவலர்களுக்கும், தேநீரும் சோறும் கொண்டுவந்த வீடுகளுக்கும் நன்றி. திமிங்கிலத்தின் மேல் ஏறிப் படம் எடுக்க முனைந்தவர்களை அதட்டி இறக்கிவிட்ட பள்ளிப் பையன்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர்களில் இருவர் இன்று படகு வைத்திருக்கிறார்கள்.

2020 நவம்பர் 2 அன்று இலங்கையின் பாணந்துறையில் இதே இனம் நூற்றுக்கும் மேல் ஒதுங்கியது. கொரோனா ஊரடங்கு நேரம். கடற்படையும் கடலோரக் காவல் படையும் ஊர் மக்களும் இரவு முழுக்க நீரில் நின்று, விடிவதற்குள் பெரும்பாலானவற்றைக் கடலுக்குள் அனுப்பிவிட்டார்கள். இறந்தவை மிகச் சில. அந்தச் செய்தியைப் படித்தபோது மகிழ்ச்சியும் வந்தது, ஓர் ஏக்கமும் வந்தது. அங்கே ஆட்கள் நிறைய, படகுகள் நிறைய, கூட்டம் ஏறக்குறைய ஒரே இடத்தில் கிடந்தது. நமக்கோ பதினைந்து கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கரையில் சிதறிக் கிடந்தன. ஒன்றை விட்டுவிட்டு வரும்போது இன்னொன்று இரண்டு ஊர் தள்ளிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒன்றாகச் சேர்த்து, நிலைகொள்ளும்வரை நீரில் தாங்கிப் பிடித்து, ஒரே நேரத்தில் விட்டால்தான் திரும்பி வராது என்பது மீட்புக் குழுக்களின் அனுபவம். அதற்கு நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் வேண்டும். மறுமுறை வந்தால் அந்தக் கைகள் நம்மிடம் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அதற்காக எங்கள் பள்ளியில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். அன்று கடலில் நின்றவர்களின் பெயர், ஊர், என்ன செய்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி வருகிறார்கள். ஆலந்தலையும் கல்லாமொழியும் முடிந்துவிட்டன. மணப்பாட்டில் பாதிதான் ஆகியிருக்கிறது. அந்த ஆச்சி காலமாகிவிட்டார், அவர் மகள் வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனார். வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டவர்கள் வீட்டாரிடம் சொல்லியனுப்பினால் போதும். சனிக்கிழமை காலையில் நான் பள்ளியில்தான் இருப்பேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
திருச்செந்தூர்க் கடலோரப் பள்ளி ஒன்றின் உயிரியல் ஆசிரியை