சீரியல் அட்டை பழுதா, முகவரி மோதலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சி.என்.சி. எந்திரம் (கணினி இயக்கும் கடைசல் போன்றவை), எடைமேடை, ஆய்வகக் கருவி என ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் (கூடுதல் அட்டை செருகும் பழைய வகை இடம்) உள்ள பழைய கணினிகளை நம்பி ஓடுபவை இன்னும் இருக்கின்றன. அவற்றின் நான்கு போர்ட் சீரியல் அட்டையை (கருவிகளைக் கணினியோடு இணைக்கும் அட்டை) வேறு கணினிக்கு மாற்றியதும் வேலை செய்யவில்லை என்றால், 'அட்டை போய்விட்டது' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இனி எளிதில் கிடைக்காத பொருள் அது. ஒதுக்கும் முன் டிப் சுவிட்சை, அதாவது அட்டையின் முகவரியை அமைக்கும் சிறு சுவிட்சுகளைப் பாருங்கள். கணினி அட்டையை அடையாளம் காணும் எண்தான் முகவரி; இரண்டு அட்டைகளுக்கு ஒரே முகவரி அமைந்தால் மோதல்.

ஒரு போர்ட்டுக்கு 8 முகவரி, நான்குக்கு 32. இனி வரும் முகவரிகளும் சுவிட்ச் மதிப்புகளும் பதினாறடிமானத்தில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை). தொடக்க முகவரி 280 என்றால் போர்ட்டுகள் 280, 288, 290, 298. இதற்கு ஐந்து சுவிட்சுகள் போதும். மதிப்பு 200, 100, 80, 40, 20. இவற்றில் 200-ம் 80-ம் மட்டும் 1 ஆக வேண்டும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்: நிறைய அட்டைகளில் சுவிட்ச் ஆன் என்றால் 0, ஆஃப் என்றால் 1. தலைகீழாக வைத்துவிட்டால் அட்டை 160-க்குப் போய்விடும். அந்த 32-க்குள் 170 அடங்குகிறது; அது இரண்டாவது ஐ.டி.இ. இணைப்பின் (வட்டு, சி.டி. டிரைவுகளை இணைப்பது) இடம். சீரியல் கிடைக்காததோடு சி.டி. டிரைவும் தகராறு செய்யும். 300-ஐயும் தவிருங்கள், பழைய நெட்வொர்க் அட்டைகள் பல அங்கேதான் இருக்கும்.

முகவரி சரியாகி, போர்ட் தெரிந்தும் தரவு வரவில்லையா? ஐ.ஆர்.க்யூ. (அட்டை கணினியின் கவனத்தை அழைக்கும் தடத்தின் எண்) ஜம்பரை, அதாவது அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் சிறு இணைப்பானைப் பாருங்கள். நான்கு போர்ட்டும் ஒரே எண்ணைப் பகிர்வதற்கான சுற்று அட்டைக்குள்ளேயே இருக்கும். ஆனால் இரண்டு தனித்தனி ஐ.எஸ்.ஏ. அட்டைகள் ஒரே எண்ணைப் பகிர்வதை நம்ப முடியாது. 5 எடுப்பதானால் ஒலி அட்டை அதில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பி.சி.ஐ. ஸ்லாட்டும் (ஐ.எஸ்.ஏ.வுக்குப் பின் வந்த வகை) உள்ள தாய்ப்பலகை என்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அந்த எண்ணை 'லெகசி ஐ.எஸ்.ஏ.' என்று ஒதுக்க வேண்டும். மறந்தால் அதைப் பி.சி.ஐ. அட்டை எடுத்துக்கொள்ளும்.

சோதிப்பது எளிது. போர்ட்டின் 2, 3 பின்களை இணைத்து, டெர்மினல் மென்பொருளில் ஹேண்ட்ஷேக்கை (இரு முனைகளும் 'தயாரா' என்று கேட்டுக்கொள்ளும் முறை) அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். எழுத்து திரும்பி வந்தால் அந்தப் போர்ட் நலம்.

பழைய எந்திரம் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தொடக்க முகவரி, ஐ.ஆர்.க்யூ., சுவிட்ச் நிலை மூன்றையும் எழுதிக் கணினி மூடியின் உட்புறம் ஒட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தொழிற்சாலைக் கணினிப் பராமரிப்பாளர்,
கோயம்புத்தூர்