என்கிட்ட கேட்டவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த அக்டோபரோட நான் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகாம 6 வருஷம் ஆகுது. எனக்கு ஸ்கிசோஃப்ரினியா, தமிழ்ல மனச்சிதைவுன்னு சொல்வாங்க, 2010ல எனக்கு 22 வயசு இருக்கும்போது ஆரம்பிச்சது. ரொம்ப நாளா இதை எழுதணும்னு இருந்தேன். நன்றி சொல்ல வேண்டியவங்க நிறைய பேரு, நேர்ல சொல்லலாம்னு போனா ஓபில பின்னாடி நாப்பது பேரு நிக்காங்க, டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் எனக்கு வாய் அடைச்சுப் போகுது. அதான் இங்க எழுதுறேன். யாரு பேரும் போடல. படிச்சா அவங்கவங்களுக்குத் தெரியும்.

மொதல்ல எங்கம்மா. குரல் கேக்க ஆரம்பிச்சப்ப அது ஒரு வியாதின்னு வீட்டுல யாருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. பக்கத்து வீட்டு மாடில ரெண்டு பேரு நின்னுக்கிட்டு நான் செய்யறதை எல்லாம் ஒன்னொன்னா சொல்லிக்கிட்டே இருப்பாங்க, "இப்ப தண்ணி எடுக்கா, இப்ப குடிக்கா, இப்ப கதவைச் சாத்துதா"ன்னு, எட்டிப் பாத்தா மாடில கொடிக்கயிறு தவிர ஒன்னுமே இருக்காது. சொந்தக்காரங்க எல்லாம் கூடிப் பேசி ஒரு கோயில்ல 48 நாள் தங்க வச்சாங்க. அங்க பொறுப்பா இருந்தவரு கால்ல ஒரு சங்கிலி போட்டுருங்க, பிள்ளை எங்கயும் ஓடாதுன்னாரு. எங்கம்மா முடியாதுன்னுட்டாங்க. 2001 ஆகஸ்ட் 6ல ஏர்வாடில ஒரு காப்பகம் தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம 28 பேரு செத்தாங்கள்ல, அப்ப நான் எட்டாவது படிக்கேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, டீக்கடைல யாரோ பேப்பரை வாசிக்கக் கேட்டுட்டு வந்து அன்னிக்கு முழுக்க சாப்பிடாம இருந்தாங்க. அது அவங்க மனசுலயே கெடந்திருக்கு. சங்கிலிக்குப் பதிலா ராத்திரி தன்னோட முந்தானையை என் மணிக்கட்டுல முடிச்சுப் போட்டுட்டு பக்கத்துல படுத்துக்குவாங்க. நான் எந்திரிச்சா அவங்களும் எந்திரிப்பாங்க. திட்ட மாட்டாங்க, இழுக்க மாட்டாங்க, "என்ன தாயி, எங்க போகணும்?"னு கேப்பாங்க. பல நாள் எனக்கு எங்கயும் போக வேண்டி இருக்காது, பயமா இருக்கும்மான்னு சொன்னா சரி உக்காருன்னு ரெண்டு பேரும் விடியிற வரைக்கும் திண்ணைல உக்காந்திருப்போம். அம்மா 2019ல தவறிட்டாங்க. இந்த நன்றியை அவங்க இருக்கும்போதே சொல்லியிருக்கணும்.

அப்புறம் டவுனுக்குக் கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாத்தது 6 வருஷம். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்ல, மாத்திரை குடுத்தாங்க, குரல் குறைஞ்சது, அது உண்மைதான். ஆனா அந்த 6 வருஷத்துல ஒரு தடவை கூட என் முகத்தைப் பாத்து யாரும் ஒரு கேள்வி கேக்கல. உள்ள போனதும் "அட்டெண்டர் யாரு?"ன்னு கேப்பாங்க, அண்ணன் முன்னாடி போகும். பிள்ளை தூங்குதா, சாப்பிடுதா, சத்தம் போடுதா, எல்லாம் அண்ணன்கிட்டதான். நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருப்பேன். என் வியாதிக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரிஞ்சதே மூணு வருஷம் கழிச்சு, ஃபைலை ஜெராக்ஸ் எடுக்கப் போன எடத்துல தற்செயலா வாசிச்சுதான். கையில காசு இல்லாத மாசம் மாத்திரை நின்னு போகும், நின்னா ரெண்டு மாசத்துல மறுபடி மாடில ஆளு வந்துரும். இப்படி மூணு தடவை.

1996ல கவர்மெண்ட் ஆரம்பிச்ச மாவட்ட மனநலத் திட்டம்னு ஒன்னு இருக்கு, அதுல பக்கத்து டவுன் ஜிஹெச்சுக்கே டாக்டர் வாரம் ஒரு நாள் வராரு, மாத்திரை ஃப்ரீன்னு எங்க வீட்டுக்குத் தெரியறதுக்கு 20 வருஷம் ஆகிடுச்சு. 2016ல மதினிதான் தீப்பெட்டி ஆபீஸ்ல யாரோ பேசறதைக் கேட்டுட்டு வந்து சொன்னாங்க. மதினி, உங்களுக்குத் தனியா ஒரு லெட்டரே எழுதணும், இப்போதைக்கு இதை வச்சுக்கோங்க.

அங்க மொத நாள் சோசியல் ஒர்க்கர் சார் பண்ணது இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. வழக்கம் போல அண்ணன் முன்னாடி போயி பேச ஆரம்பிச்சது. சார் கேட்டுக்கிட்டே தன்னோட சேரை இழுத்து என் பக்கமாத் திருப்பிப் போட்டாரு. "அண்ணே நீங்க ஒரு பத்து நிமிஷம் வெளிய இருங்க, நான் தங்கச்சிகிட்ட பேசிட்டுக் கூப்பிடுறேன்"ன்னாரு. அப்புறம் என்கிட்ட, குரல் கேக்குதான்னு கேக்கல, குரல் என்ன சொல்லுதுன்னு கேட்டாரு. நான் அழுதுட்டேன் சார், உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல. அடுத்து, உங்களுக்கு எது மொதல்ல சரியாகணும்னு கேட்டீங்க. குரல்னு சொல்லுவேன்னு நெனச்சிருப்பீங்க. நான் சொன்னது, காலையில வாசல்ல கோலம் போடணும் சார், மாத்திரை போட்டதுல இருந்து கை நடுங்குது, புள்ளி வைக்க முடியல, மாவு ஒரு எடத்துலயே கொட்டுதுன்னு. நீங்க அதை அப்படியே நோட்டுல எழுதுனீங்க, "கோலம், கை நடுக்கம்"னு. டாக்டர் அதைப் பாத்து மாத்திரை அளவை மாத்தி நடுக்கத்துக்கு டிஹெச்பின்னு ஒரு மாத்திரையும் சேத்துக் குடுத்தாரு. அந்த மார்கழில நான் 15 புள்ளிக் கோலம் போட்டேன். அந்த நோட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு, அட்டை கிழிஞ்சு டேப் ஒட்டி வச்சிருக்கேன்.

சிஸ்டர், அடுத்தது நீங்க. இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், ஆனா படிக்கிற பொம்பளைப் பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கும், அதான் எழுதுறேன். ரிஸ்பெரிடோன்ங்கற மாத்திரை போட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல எனக்கு மாசாமாசம் வரது நின்னு போச்சு, மார்ல பால் மாதிரி கசிய ஆரம்பிச்சது. கல்யாணம் ஆகாத பிள்ளை, இதை யார்கிட்ட போயி சொல்லுவேன். அம்மா என்னைப் பாத்த பார்வையிலயே தெரிஞ்சுது அவங்களுக்கும் சந்தேகம்னு. ஆம்பளை டாக்டர், பக்கத்துல அண்ணன், வாயைத் திறக்கவே முடியாது. நீங்கதான் பிபி பாக்கும்போது கையைப் பிடிச்சுக்கிட்டே மெதுவா "பீரியட்ஸ் ஒழுங்கா வருதாம்மா?"ன்னு கேட்டீங்க. இது மாத்திரையால வரது, புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் ஏறிடும், உன் மேல எந்தத் தப்பும் இல்லன்னு சொல்லி, அம்மாவையும் உள்ள கூப்பிட்டு அதையே சொன்னீங்க. அன்னிக்கு பஸ்ல வீட்டுக்கு வர வழி பூரா அம்மா என் தலையைத் தடவிக்கிட்டே வந்தாங்க. டாக்டர் பிளட் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா அரிபிபிரசோல்ங்கற வேற மாத்திரைக்கு மாத்துனாரு, சரியாச்சு. யோசிச்சுப் பாருங்க, நீங்க அந்த ஒரு கேள்வி கேக்கலைன்னா நான் யார்கிட்டயும் சொல்லாம மாத்திரையை நிறுத்தியிருப்பேன், எல்லாரும் "இந்தப் பிள்ளை மாத்திரை ஒழுங்காப் போடாது"ன்னு எழுதியிருப்பாங்க. எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருப்பாங்களோன்னு நெனச்சா வயித்தைப் பிசையுது.

2018 அக்டோபர்ல கடைசியா அட்மிட் ஆனேன். நானே தூக்கம் கெட்டுப் போச்சுன்னு சொல்லிப் போயி சேந்தது அதுதான் மொத தடவை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல போட்டு, 2018 மே மாசந்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. சார்தான் சொன்னாரு, உனக்கு முடியாம போற நேரத்துல உன் சார்பா யாரு பேசணும்னு நீயே முடிவு பண்ணலாம், வெள்ளைத்தாள்ல எழுதி கையெழுத்துப் போட்டாப் போதும்னு. நான் மதினி பேரை எழுதுனேன். அண்ணனுக்கு மொதல்ல வருத்தந்தான், ரெண்டு நாள் பேசல. அண்ணன் பாசமா இல்லாம இல்ல, ஆனா அது பயந்துக்கிட்டே முடிவெடுக்கும், மதினி என்கிட்ட கேட்டுட்டு முடிவெடுப்பாங்க, வித்தியாசம் அவ்வளவுதான். அதே சட்டத்துல யாரையும் சங்கிலியில கட்டக் கூடாதுன்னும் இருக்குன்னு சார் அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினாரு. அம்மா கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல, அப்புறம் "இதை அந்தக் கோயில்ல போயி யாராவது சொன்னாங்களா?"ன்னு கேட்டாங்க. சார்கிட்ட அதுக்குப் பதில் இல்ல.

லாக்டவுன் வந்தப்ப பஸ் கிடையாது, டவுனுக்குப் போக வழியே இல்ல, வீட்டுல இருந்தது ஒன்பது நாளைக்கு மாத்திரை. நான் தினமும் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஃபார்மசி அக்கா, நீங்க நோட்டைப் பாத்து யாரு யாருக்கு மாத்திரை தீரப் போகுதுன்னு லிஸ்ட் எழுதி ஊர் ஊருக்கு போன் போட்டிருக்கீங்க. எங்க கிராம நர்ஸ் அக்கா ஸ்கூட்டில வந்து, வாசல்ல தள்ளி நின்னு, மாஸ்க்கோட, மஞ்சப்பையில ரெண்டு மாச மாத்திரையை திண்ணைல வச்சுட்டு, "தூக்கம் வருதா பாப்பா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. வெயில்னா அப்படி ஒரு வெயில், ஒரு செம்பு தண்ணி கூட வாங்கிக் குடிக்கல. அக்கா, நீங்க ரெண்டு பேரும் இல்லைன்னா அந்த வருஷம் எப்படிப் போயிருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும்.

14416ங்கற மனநல உதவி போன் நம்பர்ல பேசுனவங்களுக்கும் நன்றி, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. டெலி மானஸ்னு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, நம்பரை மதினி பீரோ கதவுல ஒட்டி வச்சிருந்தாங்க. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு, அம்மா இல்லாத வீடு, மாடிக்காரங்க மறுபடி பேச ஆரம்பிச்சுட்டாங்க, செத்துப்போன்னு சொன்னாங்க. போன் போட்டேன். நீங்க அவசரப்படவே இல்ல. சாப்பிட்டீங்களா, பக்கத்துல யாரு இருக்கா, அவங்களை எழுப்பட்டுமா, நீங்களே எழுப்புறீங்களான்னு கேட்டீங்க. நானே எழுப்புறேன்னேன். மதினி எந்திரிச்சு வந்து போனை வாங்குற வரைக்கும் நீங்க லைன்லயே இருந்தீங்க.

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி, உங்க கடைல டைப்பிங் வேலைக்குச் சேந்து 5 வருஷம் ஆச்சு. வியாதியைச் சொல்லித்தான் வேலை கேட்டேன், ஏற்கனவே ரெண்டு எடத்துல சொல்லாமச் சேந்து, தெரிஞ்சதும் அனுப்பிட்டாங்க. நீங்க அனுதாபமா ஒரு வார்த்தை பேசல, "எத்தனை மணிக்கு வந்தா உனக்கு முடியும்?"னு கேட்டீங்க. ராத்திரி மாத்திரைக்கு காலையில தலை தூக்க முடியாது அண்ணாச்சி, பத்தரை ஆகும்னேன். சரி பத்தரைக்கு வா, சாயங்காலம் அரை மணி நேரம் கூட இருன்னுட்டீங்க. நான் டைப் அடிக்கும்போது நடுவுல கையை நிறுத்திட்டு உக்காந்தா நீங்க ஒன்னும் கேக்காம ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைப்பீங்க. அதை நான் கவனிச்சிருக்கேன்.

ரெண்டாவது சனிக்கிழமை கூடுற நம்ம சங்கத்து அக்காமாருங்க எல்லாருக்கும் நன்றி. டாக்டர்கிட்ட மூணு நிமிஷம் கிடைக்கும், அங்க வேப்பமரத்தடில மூணு மணி நேரம் பேசுவோம், எந்த மாத்திரைக்கு வெயிட் போடுது, எந்த மாத்திரைக்கு எச்சி வடியுது, பொண்ணு பாக்க வந்தா சொல்லணுமா வேண்டாமா, எல்லாமே. குரல் கேக்கும்போது சத்தமா வாய்ப்பாடு சொல்லிப் பாருன்னு சொல்லிக் குடுத்தது அங்க ஒரு அக்காதான். எனக்கு பதிமூணாம் வாய்ப்பாடுதான் வேலை செய்யுது.

ஆஸ்பத்திரிக்காரங்க யாராவது படிச்சா சில விஷயம், குறையாச் சொல்லல, நன்றியோடவே சொல்றேன். டாக்டர் மாறும்போது எங்ககிட்ட முன்னாடியே சொல்லுங்க, ஒவ்வொரு புது டாக்டர்கிட்டயும் 2010ல இருந்து கதையை மறுபடி சொல்றது எவ்வளவு கஷ்டம்னு சொல்லத் தெரியல. மாத்திரை ஸ்டாக் இல்லைன்னா போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, கூலி வேலையை விட்டுட்டு வராங்க. நாப்பது சதவீதமாவது இருந்தாத்தான் ஊனமுற்றோர் கார்டுல உதவி கிடைக்கும்னு எங்களுக்கும் தெரியும், அதுக்காக வரிசைல எல்லார் முன்னாடியும் "தானா குளிப்பியா?"ன்னு கேக்காதீங்க, கதவைச் சாத்திட்டுக் கேளுங்க, பதில் சொல்றோம். அட்டெண்டரைக் கூப்பிடுங்க, வேண்டாங்கல, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கூப்பிடுங்க.

அண்ணே, நீயும் இதைப் படிப்ப. 6 வருஷம் வேலையை விட்டுட்டு என் கூட அந்த ஸ்டூல் பக்கத்துல நின்னவன் நீதான். உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. போன மாசம் ஓபில புது டாக்டரம்மா உன்கிட்ட "தூங்குறாங்களா?"ன்னு கேட்டப்ப நீ "அதுகிட்டயே கேளுங்க மேடம்"னு சொன்ன. நான் உன்கிட்ட ஒன்னும் சொல்லல, ஆனா எனக்கு அது போதும்ணே.

சிஸ்டர், வர வியாழக்கிழமை ரிவ்யூக்கு வரேன். முறுக்கு கேட்டீங்கல்ல, மதினி சுட்டு வச்சிருக்காங்க.