முட்டைக்கூடையும் பொங்கல் பானையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கார் ஜோக்குகளை வீட்டில் சத்தமாகப் படித்துச் சிரித்தோம். ஜெர்மன் காரில் ஒரு பல்பு மாற்ற பாதி இன்ஜினைக் கழற்ற வேண்டுமாம், இத்தாலி கார் அழகாக நின்றபடியே துருப்பிடிக்குமாம், இங்கிலீஷ் கார் நின்ற இடமெல்லாம் ஆயில் சொட்டுமாம். சரி, சிரிக்கலாம். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் கிறுக்குத்தனத்தால்தான் சிட்ரோன் 2சிவி என்ற தகர டப்பாவைச் செய்தார்கள் என்று எழுதியதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

அது விவசாயிக்காகச் செய்த கார் ஐயா. 1930களில் சிட்ரோன் கம்பெனியின் அப்போதைய துணைத் தலைவர் பியர் பூலான்ஷே தன் இன்ஜினியர்களிடம் கேட்டது, நாலு பேரும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும், மணிக்கு 60 கி.மீ. போக வேண்டும், உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை ஒன்றுகூட உடையக் கூடாது. அதற்காகவே முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஸ்பிரிங்கால் இணைத்தார்கள். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பின்சக்கரம் கீழே அழுந்தி வண்டியை மட்டமாக வைத்துக்கொள்ளும். 1948இல் பாரிஸில் காட்டியபோது கேலி செய்தார்கள், ஆனால் 1990 வரை அந்த வண்டியைத் தயாரித்தார்கள்.

ஜப்பான்காரர் காரைச் சின்னதாகச் செய்வதும் அவர்கள் குணத்தால் இல்லை, சின்ன வண்டிக்கு அங்கே வரி குறைவு. நம் அம்பாசடரே பிறப்பில் இங்கிலீஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதானே? பெரியப்பாவின் அம்பாசடரில் டிக்கியில் இரண்டு மூட்டை விதைநெல், உள்ளே எட்டு பேர், வெண்ணாற்றங்கரை மண்பாதையில் போயிருக்கிறோம்.

இந்தப் பொங்கலுக்கு முதல்நாள் சித்தப்பாவின் புதுக் காரில் ஊருக்குப் போனோம். ரோட்டில் பாதிக்கு மேல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரம் இறக்கியதும் அடிப்பாகம் கரையில் உரசி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். அப்பாயி மடியில் வைத்திருந்த புதுப்பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மீதி தூரத்தை நடந்தே வந்தார், எழுபத்தெட்டு வயதில்.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் அத்தனை கார் செய்கிறார்கள். அதை வடிவமைக்கிறவர்கள் ஒரு தை மாதம் நீடாமங்கலம் வந்து, நெல் காயும் ரோட்டில் மடியில் பானையோடு ஒருவரை உட்கார வைத்து ஓட்டிப் பார்க்கட்டும். பானை நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி