ரிசல்ட் ஷீட்டில் பேர் வராதவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த சீசனோடு எங்கள் சிம் ரேசிங் டீம் லீக் பந்தயங்களை நிறுத்திக்கொள்கிறது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. ஒருவன் துபாய், ஒருவன் ஓசூர், இன்னொருவன் வீட்டில் கைக்குழந்தை. ஆறு மணி நேரப் பந்தயத்துக்கு மூன்று பேரைச் சேர்ப்பது கல்யாணத்துக்கு நாள் குறிப்பதைவிடப் பெரும்பாடாகிவிட்டது. ரிசல்ட் ஷீட்டில் ஓட்டினவன் பேர் மட்டும்தான் வரும். வராத பேர்கள் நிறைய இருக்கின்றன. "பேரெல்லாம் போடாதீங்க தம்பி" என்று பலர் சொல்லிவிட்டதால் தொழிலைச் சொல்லியே நன்றி சொல்கிறேன். யார் யாரென்று நம்ம ஊரில் தெரியாமலா போகும்?

சிம் ரேசிங் என்றால் கம்ப்யூட்டரில் ஓட்டும் கார் பந்தயம், ஆனால் பட்டனைத் தட்டி ஓட்டும் கேம் இல்லை. நிஜ ஸ்டியரிங், நிஜ பெடல். டயர் சூடாவது, டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய வண்டி லேசாவது எல்லாம் கணக்கில் உண்டு. நிஜத் தடங்களை லேசர் வைத்து அளந்து மேடு பள்ளம் மாறாமல் வைத்திருப்பார்கள். 2005-இல் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் எஃப்1 ஓட்டியபோது எங்களில் பாதிப் பேர் டவுசர் பையன்கள். டிவியில் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஆனால் மதுரையில் ஏது ரேஸ் டிராக்? கோவை செட்டிபாளையத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. போனாலும் வண்டி, டயர், லைசென்ஸ் என்று ஆகிற செலவு எங்கள் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய தொகை இல்லை.

அதனால் முதல் நன்றி பழங்காநத்தம் பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கு. ராத்திரி கடை சாத்தின பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு சிஸ்டத்தில் ஆர்ஃபேக்டர் என்ற சிம் ரேசிங் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ள விட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: காலையில் பசங்க ஹால் டிக்கெட் எடுக்க வரும்போது சிஸ்டம் ஹேங் ஆகக் கூடாது.

2012 மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. மைக் செட் மாமா தன் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தூக்கிக் கொடுத்தார். முகூர்த்த நாள் வந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆக வைகாசி, ஆவணியில் எங்களுக்குப் பாயின்ட் கம்மி! பிற்பாடு கேபிள் நெட் லைனுக்கு மாறினோம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் தெருவில் கரண்ட் போனால் நெட்டும் போனது. கம்பத்தில் இருக்கும் நெட் ஸ்விட்ச் பெட்டிக்கும் கரண்ட் வேண்டுமே. கேபிள்காரர் அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன யூபிஎஸ் வைத்துக் கொடுத்தார். எங்களுக்காக வைத்தது, தெருவுக்கே உதவியது. சீரியல் தடைபடாமல் பார்த்தவர்கள் யாரும் எங்களுக்கு நன்றி சொல்லவில்லை, பரவாயில்லை.

இனிமேல் சொல்லப்போகிறவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். கீழமாசி வீதிப் பக்கம் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பார்க்கும் அண்ணன். எங்களிடம் இருந்த பழைய பெடல் செட்டில், பிரேக் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதைத்தான் அது அளக்கும். உள்ளே இருப்பது ரேடியோ வால்யூமில் இருக்கிற அதே சமாச்சாரம். தூசி ஏறினால் அளவு குதிக்கும். நேர் ரோட்டில் காலை வைக்காமலே பிரேக் பிடிக்கும். நல்ல பெடல் என்றால் எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதை அளக்க வேண்டும். கால் தூரத்தை மறந்துவிடும், பலத்தை மறக்காது. அப்படிப்பட்ட பெடல் வாங்கக் காசில்லாமல் அவரிடம் போய் நின்றோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. போர்டு எரிந்துபோன ஒரு தராசைக் கவிழ்த்தார், நான்கு ஸ்க்ரூ கழற்றினார், நடுவில் ஓட்டை போட்ட ஒரு அலுமினியக் கட்டையை எடுத்து நீட்டினார். சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என நாலே ஒயர். அதுதான் லோட் செல். கண்ணுக்குத் தெரியாத அளவு அது வளைவதை வைத்துத்தான் தராசு எடை சொல்கிறது. வெங்காய மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த செல் எங்கள் பிரேக் ஆனது.

அதை கம்ப்யூட்டருக்குப் புரிய வைத்தது திருமங்கலத்துப் பாலிடெக்னிக் தம்பி. ஆர்டினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டும், லோட் செல் சொல்வதை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 சிப்பும் வாங்கிச் சால்டர் வைத்தான். முதல் நாள் மிதித்தால் பிரேக் தாமதமாகப் பிடித்தது. பார்த்தால், அந்த சிப் விநாடிக்கு 10 முறைதான் எடை பார்க்கிறது. வெங்காயத்துக்கு அது போதும், இத்தாலியின் மோன்சா தடத்து முதல் வளைவுக்குப் போதாது. தம்பி சிப்பின் கால்களில் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் ஒட்டினான், 80 முறை ஆகிவிட்டது. அந்த பிரேக் வந்த பிறகுதான் எங்கள் லேப் நேரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி வர ஆரம்பித்தன. ஒரு லேப் பறப்பது பெரிய விஷயமில்லை, 40 லேப்பும் ஒரே மாதிரி வருவதுதான் லீக் பந்தயம்.

செல்லூர் வெல்டிங் பட்டறை அண்ணன் ஸ்கொயர் பைப்பில் சீட், ஸ்டியரிங், பெடல் எல்லாம் பொருத்தும் ரிக் அடித்துக் கொடுத்தார். சீட் பழைய மாருதி 800-இலிருந்து வந்தது. பிரேக்கை மிதிக்கிற மிதியில் பிரேம் வளையக் கூடாது என்றதற்கு, "நீ மிதிக்கிறதுக்கு வளைஞ்சா நான் தொழிலையே விட்டுர்றேன்" என்றார். வளையவில்லை. வீட்டுத் தரைதான் அதிர்ந்தது. கீழ்வீட்டுப் பெரியம்மா ஒரு தடவைகூட மேலே வந்து கத்தியதில்லை. ரப்பர் மேட் வாங்கிப் போடச் சொல்லி அவரே காசு கொடுத்தனுப்பினார்.

பெயர் மட்டுமே தெரிந்த, முகம் பார்க்காத ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஜெர்மனியிலிருந்து ஒரு லீக் நடத்தியவர். அவர்கள் சர்வருக்கும் மதுரைக்கும் பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 150 மில்லிவிநாடிக்குக் குறையாது. மணிக்கு 250 கிலோமீட்டரில் போகும் கார் அந்த நேரத்தில் 10 மீட்டர் தாண்டிவிடும். மற்றவர்கள் திரையில் எங்கள் கார் இருப்பது கிட்டத்தட்ட ஒரு ஊகம்தான். பல லீக்குகளில் இதைக் காட்டி வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு சோதனைப் பந்தயம் ஓட்டச் சொல்லி, ரீப்ளே பூராவும் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். வளைவில் ஒரு கார் அகலம் கூடுதலாக விடு என்பது ஒன்றுதான் நிபந்தனை. அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே 11:30. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்குப் பிறகு அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், இங்கே 12:30 ஆகிவிடும். மறுநாள் வேலைக்குப் போன லட்சணத்தை எங்கள் மேனேஜர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கும் நன்றி.

அந்த ஜெர்மன்காரரைப் பற்றி இன்னொன்று. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்துப் பந்தயம் சித்திரைத் திருவிழா எதிர்சேவை ராத்திரியில் வந்து விழுந்தது. ரிக் இருந்த வீடு தல்லாகுளத்தில். அன்றைக்கு அந்தப் பக்கம் வண்டி போகுமா? பந்தயம் ஓட்ட வேண்டியவன் கோரிப்பாளையத்தோடு நின்றுவிட்டான். எங்கள் சாமி நாளை ஆற்றில் இறங்குகிறார், கூட்டம் லட்சக்கணக்கில் என்று எழுதினோம். பெயர் கொடுக்கும் கெடு முடிந்த பிறகும் மாற்று ஆளை அனுமதித்தார். அந்த மாற்று ஆள், எங்களோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த கோவை டீமின் பையன். நம்ம காரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தான். மறுநாள் அழகர் வீடியோவை அந்த ஜெர்மன்காரர் கேட்டு வாங்கிப் பார்த்தார். குதிரை தங்கமா என்று கேட்டார்.

2020 ஊரடங்கில் எஃப்1 வீரர்களே வீட்டில் உட்கார்ந்து சிம் ஓட்டினார்கள், ஜூனில் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தையே ஆன்லைனில் நடத்தினார்கள். "கேம் விளையாடுறான்" என்ற பேச்சு எங்கள் வீடுகளில் அதோடு கொஞ்சம் குறைந்தது. மறு வருஷம் கிராஃபிக்ஸ் கார்டு விலை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, முன்பே சொன்ன விலைக்கே கொடுத்த டவுன்ஹால் ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு நன்றி. நீண்ட பந்தயங்களில் பெட்ரோல் கணக்குப் போட்ட கணக்கு டீச்சர் அக்காவுக்கும். ஸ்பாவில் ஒரு லேப் 7.004 கிலோமீட்டர். லிட்டர் கணக்கு ஒரு புள்ளி தவறினால் வண்டி பெட்ரோல் போடும் பிட்டுக்கு வராது. அக்கா கணக்கில் ஒரு தடவையும் நின்றதில்லை. ஜெர்சி அடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் போனே எடுக்காத புண்ணியவானுக்கும் ஒரு கும்பிடு. அளவு கொடுக்கிற சந்தோஷமாவது கிடைத்தது.

ரிக்கும் பெடலும் இனி பாலிடெக்னிக் தம்பியிடம் இருக்கும். ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் பசங்க திருமங்கலம் போகலாம், காசு கிடையாது. செட்டப் ஃபைல்களையும் அவனிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மைக் செட் மாமா, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வைத்திருக்கிறோம், இந்த வாரம் வந்துவிடும். துபாய்க்காரன் லீவில் வரும் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு மாடியில் கறிச் சாப்பாடு. தேதியை நேரில் வந்து சொல்கிறேன். தராசு அண்ணன் சைவம் என்று தெரியும், தனி அடுப்பு போட்டாயிற்று.