சனிக்கிழமை திரையிடல்: ஃபாக்கம் ஹால்

அனைவருக்கும் வணக்கம். வரும் சனி மாலை 6.30 மணிக்கு கிளப்ஹவுஸில் ‘ஃபாக்கம் ஹால்’ (2025) போடுகிறோம். ஆங்கிலேயப் பிரபு மாளிகைக் கதைகளை வாரு வாரென்று வாரும் படம்.

1. முடிந்தால் ‘டவுன்டன் ஆபி’ என்ற ஆங்கில டிவி தொடரின் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு வாருங்கள். டைட்டானிக் கப்பல் விபத்தில் வாரிசு இறந்துவிட, மூன்று மகள்கள் இருந்தும், ஆண் வாரிசுக்கே சொத்து என்பதால் அது தூரத்து உறவுக்காரருக்குப் போகும். அது தெரிந்தால்தான் இங்கே மகளைக் கசினுக்குக் கட்டிவைக்க ஏன் துடிக்கிறார்கள் என்பது புரியும். (நம்மூர் முறைமாப்பிள்ளை சமாச்சாரமேதான்!)
2. சப்டைட்டில் ஓடும். பாதி ஜோக் உச்சரிப்பில் இருக்கிறது. தலைப்பையே வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.
3. இரட்டை அர்த்தம் அதிகம். பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம்.
4. பின்னணியிலும் காமெடி நடக்கும். போனைப் பார்த்தால் போச்சு.
5. நாற்காலி 40 மட்டுமே. எத்தனை பேர் என்று வியாழன் இரவு 9 மணிக்குள் இங்கேயே பதிலிடுங்கள்.