காஸ்மாஸ் மறுபடி பார்த்தோம்

அன்புள்ள பூங்கொடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ போன் பண்ணி இருபத்து மூன்று நாள் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும். ராத்திரி நேரத்தோடு தூங்கு.

தம்பி, விண்வெளியைப் பற்றி கார்ல் சேகன் நடத்திய பழைய காஸ்மாஸ் டி.வி. தொடரின் 13 பகுதியையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். தினம் ஒன்றாகப் பார்த்தோம். எதிர்வீட்டு சார் மூன்றாம் நாளோடு நின்றுவிட்டார். 1980இல் எடுத்தது ரொம்ப இழுவையாம், 2014இல் நீல் டைசன் நடத்திப் புதிதாக வந்ததுதான் விறுவிறுப்பாம். அத்தைக்குப் பத்தாவது பகுதி ஒன்று போதும். நம் பொங்கலையும் சோழர் கால நடராஜரையும் காட்டி, பிரம்மாவின் ஒரு பகலும் இரவும் 864 கோடி ஆண்டு என்று சேகன் சொல்வாரே, அதை மூன்று தடவை போடச் சொன்னார்.

எனக்கு அந்த இழுவைதான் பிடிக்கிறது. ஒன்றைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் நிறுத்துவார், நாமும் யோசிக்கலாம். உனக்கு டைசனுடையதுதான் பிடிக்கும். அதிலும் நட்சத்திரமெல்லாம் வேறு சூரியன்கள் என்று சொன்ன புரூனோவை நீ விடவில்லை. அவர் விஞ்ஞானி இல்லை, சொன்னது வெறும் ஊகம் என்று டைசனே சொல்லிவிட்டு, எதற்கு அவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் போனில் சண்டை போட்டாய். 1600இல் உயிரோடு எரித்த மனுஷரின் கதையைச் சொன்னால் என்ன என்று நானும் விடவில்லை. போனை வைத்ததும் அத்தையிடம், இப்படிப் பேச எத்தனை பேருக்கு வரும் என்றேன். உன்னிடம் சொல்லவில்லை. சண்டை போடவாவது கூப்பிடலாமே நீ.

வெளியில் சாப்பிடாதே. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. சித்தப்பா ஏதோ சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை.

நேற்று டைசனுடைய முதல் பகுதியையும் போட்டேன். கடைசியில் தன் கதையைச் சொல்கிறார். 1975 டிசம்பரில், பதினேழு வயதில், சேகன் அவரைத் தான் வேலை பார்த்த இதாக்கா ஊருக்கு வரவழைத்து ஆய்வுக்கூடத்தைச் சுற்றிக் காட்டினாராம். ‘வருங்கால வானியலாளருக்கு’ என்று எழுதித் தன் புத்தகத்தைக் கொடுத்தாராம். பனியில் பஸ் போகாவிட்டால் எங்கள் வீட்டில் தங்கிக்கொள் என்று போன் நம்பரும் கொடுத்தாராம். அத்தை போன பிறகு அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன்.

உனக்கும் அப்போது பதினேழு. பி.எஸ்ஸி. இயற்பியல் விண்ணப்பத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி, ரிஜிஸ்டர் தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தாய். பதில் வந்ததா, பதில் வந்ததா என்று ஜூன் முழுக்கக் கேட்டாய். இடம் கிடைத்திருக்காது என்றேன். நான் அதைப் போடவே இல்லை, கண்ணு. அப்பா போய் ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. இன்ஜினியரிங் என்றால் நாலு வருஷத்தில் வேலை என்று நினைத்தேன். அன்றைக்கும் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளின் விண்ணப்பத்துக்கெல்லாம் முத்திரை குத்தினேன். உன்னுடையது என் டிபன் பையில் இருந்தது.

பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். பிரிக்கவில்லை. ஸ்டாம்ப்கூட நீயே உன் காசில் வாங்கி ஒட்டியிருந்தாய். இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன்.

அம்மா